ஒரே சேலை, ஆறு நிறம்: படத்தில் பொருளின் நிறம் எப்படி மாற்றப்படுகிறது?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சேலை வியாபாரம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. எல்பில், ஹீவுட், டோவன்பி பக்கம் இருப்பவர்கள் ஈப்போ லிட்டில் இந்தியா வரை அலையாமல், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும் படத்தைப் பார்த்தே முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். இப்போது இந்தக் குழுக்களில் ஒரு வகைப் படம் அடிக்கடி வருகிறது. ஒரே பெண், ஒரே நிலை, ஒரே மடிப்பு. சேலை மட்டும் அரக்கு, பச்சை, நீலம், மஞ்சள், ஊதா, கறுப்பு என ஆறு நிறத்தில். பார்சலைப் பிரித்தால் உள்ளே இருப்பது வேறு நிறம். கேட்டால், "கேமராவில் அப்படித்தான்கா தெரியும்" என்கிறார்கள்.

கேமராவில் நிறம் கொஞ்சம் மாறித் தெரிவது உண்மைதான். ஆனால் கேமரா செய்யும் மாற்றம் ஒரு வகை, மென்பொருளில் உட்கார்ந்து செய்யும் மாற்றம் இன்னொரு வகை. இரண்டும் படத்தில் வெவ்வேறு தடயங்களை விட்டுச்செல்கின்றன. அந்தத் தடயங்களைக் கண்டுபிடிக்க, மென்பொருள் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்பது தெரியவேண்டும். அங்கிருந்து தொடங்குவோம்.

படத்தில் இருப்பது வெறும் எண்கள்

மின்னியல் படம் என்பது பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. இந்த மூன்றையும் கலந்தால் 16,777,216 நிறங்கள் கிடைக்கும்.

இந்த எண்களை நேரடியாகத் திருத்தி "இதைப் பச்சையாக்கு" என்று சொல்வது கடினம். அதனால் மென்பொருள் அவற்றை வேறு மூன்று அளவுகளாக மாற்றிக்கொள்கிறது. கணினி வரைகலை ஆய்வாளர் ஆல்வி ரே ஸ்மித் 1978-இல் வெளியிட்ட முறையும், அதே ஆண்டில் வந்த அதைப்போன்ற இன்னொரு முறையும்தான் இன்றைய நிறத் தேர்வுப் பெட்டிகள் பலவற்றுக்கு அடிப்படை. அந்த மூன்று அளவுகள் இவை:

1. ஹியூ: எந்த நிறம் என்பது. ஒரு வட்டத்தில் கோணமாகக் குறிக்கப்படும். 0 பாகை சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 240 நீலம், 300 மெஜந்தா, 360-இல் மறுபடியும் சிவப்பு.
2. சாச்சுரேஷன்: நிறத்தின் செறிவு. 0 ஆனால் வெறும் சாம்பல்.
3. லைட்னஸ்: எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு இருட்டு என்பது.

எடுத்துக்காட்டாக, சிவப்பு 150, பச்சை 20, நீலம் 45 என்று இருக்கும் ஓர் அரக்குப் புள்ளியின் ஹியூ ஏறக்குறைய 348 பாகை. அதை 120-க்கு நகர்த்தினால் புள்ளி பச்சையாகிவிடும். செயலியில் விரலால் இழுக்கும் ஹியூ பட்டை செய்வது இவ்வளவுதான். துணியின் சாயம், நெசவு, அதன்மேல் விழுந்த வெளிச்சம் எதுவும் அதற்குத் தெரியாது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் வருகிறது.

முதல் சிக்கல்: எது சேலை, எது ஆள்?

நிறம் மாற்றுவதில் இரண்டு வேலைகள் உண்டு. எந்தப் புள்ளிகளை மாற்றுவது என்று தேர்ந்தெடுப்பது ஒன்று, மாற்றுவது இன்னொன்று. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இரண்டாவதில்தான் ஆர்வம் காட்டுவார்கள். ஆனால் நேரம் முழுக்க முதலாவதில்தான் போகும்.

நிறத்தை வைத்துத் தேர்வு செய்யும் கருவிகள் ஃபோட்டோஷாப், கிம்ப் ஆகிய படத் திருத்த மென்பொருள்களில் உள்ளன. லைட்ரூம் கைப்பேசிச் செயலியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என எட்டு நிறத் தொகுதிகள் இருக்கின்றன. பச்சைச் சேலை கட்டியவர் சாம்பல் சுவருக்கு முன்னால் நின்றால் இது நிமிட வேலை. நம் வீட்டுப் படங்கள் அப்படி இருப்பதில்லை. நம் தோல் நிறத்தின் ஹியூ ஆரஞ்சுப் பகுதியில், ஏறக்குறைய 15 முதல் 30 பாகைக்குள் விழுகிறது. உதடு 0-க்குப் பக்கத்தில். குங்குமம் 355 வாக்கில். தங்கச் சரிகை 45 வாக்கில். அரக்குச் சேலையோ 348. அத்தனையும் வட்டத்தின் ஒரே ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. "சிவப்பை எல்லாம் பச்சையாக்கு" என்றால் குங்குமமும் உதடும் சேர்ந்தே பச்சையாகிவிடும். கன்னத்திலும் பச்சை படியும். கல்யாணப் படத்தில் முகூர்த்தச் சேலையின் நிறத்தை மாற்றுவது ஸ்டூடியோக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு பாடு என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் இடத்தையும் சொல்லவேண்டும். அதற்குத்தான் மாஸ்க். இது படத்தின் மேல் போடும் ஒரு கறுப்பு வெள்ளைத் திரை. வெள்ளையாக இருக்கும் இடத்தில் மாற்றம் தெரியும், கறுப்பு இடத்தில் தெரியாது, சாம்பல் இடத்தில் பாதி தெரியும். முந்தானை ஓரம், தலைமுடி விழும் தோள்பட்டை, வளையலுக்குள் தெரியும் துணி ஆகிய இடங்களில் தூரிகையை வைத்து நிதானமாகத் தீட்டவேண்டும். இப்போது செயலிகள் தாமாகவே ஆளையும் உடையையும் பிரித்துக் காட்டுகின்றன. அது நல்ல தொடக்கம். ஆனால் ஓரத்தை மனிதக் கண் ஒருமுறை சரிபார்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது சிக்கல்: நிறம் மாறினால் வெளிச்சமும் மாறுகிறது

பலர் தடுமாறும் இடம் இது. எல்லா நிறத்தையும் நம் கண் ஒரே பிரகாசமாகப் பார்ப்பதில்லை. பச்சைக்கு மிகவும் கூர்மை, சிவப்புக்கு அதைவிடக் குறைவு, நீலத்துக்கு மிகக் குறைவு. அதனால் பிரகாசத்தைக் கணக்கிடும்போது சிவப்பில் 29.9 விழுக்காடு, பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 என்று எடுத்துக் கூட்டும் பழைய தொலைக்காட்சிக் கணக்கு இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது.

மேலே சொன்ன அரக்குப் புள்ளியை இந்தக் கணக்கில் போட்டால் பிரகாசம் ஏறக்குறைய 62. லைட்னஸையும் சாச்சுரேஷனையும் தொடாமல் ஹியூவை மட்டும் பச்சைக்குத் திருப்பினால் (20, 150, 20) அது 96 ஆகிவிடும். நீலத்துக்குத் திருப்பினால் (20, 20, 150) 35. லைட்னஸ் எண் மூன்றுக்கும் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிவதோ மூன்று வெவ்வேறு பிரகாசம். பச்சைச் சேலை இருட்டில் மின்னுவதுபோல் தெரிவதும், நீலச் சேலையின் மடிப்புகள் இருளில் மூழ்கிப்போவதும் இதனால்தான்.

மஞ்சள் இன்னும் மோசம். அரக்கை மஞ்சளுக்குத் திருப்பினால் கிடைப்பது (150, 150, 20), அதாவது அழுக்குப் பாசி நிறம். மஞ்சள் மஞ்சளாகத் தெரிய அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எனவே பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸ் அல்லது கர்வ்ஸ் கருவியால் அந்தப் பகுதியைத் தூக்கவேண்டும். தூக்கும்போது அடுத்த தொல்லை: ஒரு நிழல் மடிப்பில் 5 முதல் 40 வரை 36 படிகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை 20 முதல் 160 வரை இழுத்தால் ஒவ்வொரு படிக்கும் நடுவே 4 அளவு இடைவெளி விழும். வழவழப்பாக இருக்கவேண்டிய நிழல் பட்டை பட்டையாகப் பிரியும், புள்ளி இரைச்சல் மேலே வரும். இருண்ட சேலையை வெளிர் சேலையாக மாற்றுவது எப்போதும் கடினம். வெளிர் சேலையை இருண்டதாக மாற்றுவது எளிது. படம் எடுக்கும் முன்பே இது தெரிந்திருந்தால் நிறைய உழைப்பு மிச்சம்.

பிரகாசம் நகராமல் நிறத்தை மட்டும் மாற்ற ஒரு வழி உண்டு. படத்தின் மேல் ஒரு புதிய லேயர், அதாவது அடுக்கு, போட்டு, வேண்டிய நிறத்தை நிரப்பி, அதன் கலப்பு முறையைக் 'கலர்' என்று வைத்தால், கீழே உள்ள பிரகாசம் அப்படியே இருந்து நிறமும் செறிவும் மட்டும் மேலிருந்து வரும். அரக்கிலிருந்து பச்சைக்கோ ஊதாவுக்கோ போக இதுவே போதும். மஞ்சளுக்கு இது போதாது.

பட்டின் பளபளப்பு

பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம் இரண்டு வகை. பொருளுக்குள் நுழைந்து, சாயத்தின் நிறத்தை ஏற்றுக்கொண்டு வெளியே வருவது ஒன்று. மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்புவது இன்னொன்று. தெறிக்கும் வெளிச்சத்தில் சாயத்தின் நிறம் இருக்காது. விளக்கின் நிறம்தான் இருக்கும். ஸ்டீவன் ஷேஃபர் என்ற ஆய்வாளர் 1985-இல் இதை ஒரு கணக்கு முறையாக எழுதிக் காட்டினார்.

அரக்குப் பட்டின் மடிப்பு முனையில் வெள்ளைக் கோடுபோல் ஒரு மினுக்கம் தெரிகிறதே, அது தெறித்த வெளிச்சம். சேலையைப் பச்சையாக்கினாலும் அந்தக் கோடு வெள்ளையாகவே இருக்கவேண்டும். அவசர வேலையில் கோட்டின் மேலும் பச்சை ஏறிவிடும், பட்டு உடனே பிளாஸ்டிக் போல் தெரியும். தங்கம் இதில் விதிவிலக்கு. உலோகம் தெறிக்கும் வெளிச்சத்துக்கும் தன் நிறத்தை ஏற்றி அனுப்பும். எனவே சரிகையின் மினுக்கம் மஞ்சளாகத்தான் இருக்கும். அதைத் தேர்விலிருந்து முழுவதுமாக விலக்கிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சேலை பக்கத்தில் இருப்பதன் மேலும் தன் நிறத்தை வீசும். வெயிலில் எடுத்த படத்தில் அரக்குச் சேலை கட்டியவரின் தாடைக்கு அடியிலும் முழங்கையின் உட்புறத்திலும் மெல்லிய சிவப்புச் சாயல் படிந்திருக்கும். சேலை பச்சையாகி, தாடைக்கு அடியில் சிவப்பு அப்படியே இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் "ஏதோ ஒட்டவில்லையே" என்று தோன்றும்.

மயில்கழுத்துப் பட்டு போன்ற இரட்டை நிறத் துணியை மென்பொருளில் நிறம் மாற்றாமல் விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடு (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்று நெய்வதால் மடிப்பு திரும்பும் கோணத்துக்கு ஏற்ப ஓரிடம் நீலமாகவும் இன்னோரிடம் பச்சையாகவும் தெரியும். ஹியூவை 120 பாகை திருப்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்பும். 220 பாகை நீலம் 340 ஆகி இளஞ்சிவப்பாகும், 150 பாகை பச்சை 270 ஆகி ஊதாவாகும். எந்தத் தறியும் நெய்யாத ஒரு துணி திரையில் மட்டும் பிறக்கும். அதைப் பார்த்து ஒருவர் 400 வெள்ளி அனுப்பினால் அவருக்குக் கிடைக்கப்போவது ஏமாற்றம் மட்டுமே.

வெள்ளையும் கறுப்பும்

சாச்சுரேஷன் 0 ஆக இருக்கும் புள்ளியில் ஹியூவை எவ்வளவு இழுத்தாலும் எதுவும் நடக்காது. வெள்ளை வேட்டியும் சாம்பல் சுவரும் அசையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். செயலியில் பழுது எதுவும் இல்லை. வெள்ளைக்கு 'மல்டிப்ளை' கலப்பு முறை பொருந்தும். மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுப்பது அது. வெள்ளையின்மேல் எந்த நிறம் போட்டாலும் அதே நிறம் கிடைக்கும், நிழல் நிழலாகவே இருக்கும். கோயில் மண்டபச் சுவருக்கு எந்தச் சாயம் பூசலாம் என்று நிர்வாகக் குழு பார்க்க விரும்பினால் இதைவிட எளிய வழி இல்லை. நண்பகல் வெயிலில் எடுக்காமல், மேகம் மூடிய நேரத்தில் எடுத்த படமாக இருக்கட்டும். 255-இல் வெளுத்துப்போன சுவரில் பூச்சின் மேடு பள்ளம் எதுவும் மிச்சமிருக்காது.

கறுப்பை வேறு நிறமாக்குவது அநேகமாக முடியாத வேலை.

புலனத்தில் வந்த படத்தில் ஏன் வேலை ஓடாது

கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் வடிவில் சேமிக்கப்படுகின்றன. 1992-இல் தரமாக்கப்பட்ட இந்த முறை, பிரகாசத்தில் நாம் கூர்மையாகவும் நிறத்தில் மந்தமாகவும் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்கிறது. பிரகாசத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை வழக்கமாக நான்கு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துவிடும். சும்மா பார்க்கும்போது தெரியாது. சேலையின் நிறத்தை மாற்றியதும் ஓரம் நெடுக பழைய அரக்கு ஒரு மெல்லிய கசிவாகத் தங்கிவிடும். புலனம் படத்தை மேலும் சுருக்கி அனுப்புவதால் கசிவு இன்னும் தடிக்கும்.

நிறம் மாற்றும் எண்ணம் இருந்தால் மூலப் படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேமரா பதிவுசெய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் ரா வடிவில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதிலாக 4,096 அல்லது 16,384 படிகள் இருக்கும். நிழலைத் தூக்கினாலும் பட்டை விழாது.

வேலை செய்யும் வரிசை

1. முதலில் படத்தின் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள், அதாவது விளக்கின் சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகத் தெரியவையுங்கள். டியூப் விளக்கின் பச்சைச் சாயலோடு தொடங்கினால் பின்னால் வைக்கும் எந்த எண்ணும் நிற்காது.
2. மூலப் படத்தின் மேலேயே மாற்றாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் 1996 முதலே, மாற்றத்தை மட்டும் தனி அடுக்காக வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் உண்டு. இலவச கிம்ப்பில் இதைப்போன்ற வசதி 2025-இல் வந்த 3.0 பதிப்பில் கிடைத்தது. பிடிக்காவிட்டால் லேயரை நீக்கிவிடலாம், படம் கெடாது.
3. மாஸ்க்கை நிறத்தாலும் இடத்தாலும் சேர்த்துத் தயாரியுங்கள். சரிகை, தோல், குங்குமம் வெளியே இருக்கவேண்டும்.
4. நிறம், அப்புறம் பிரகாசம், அப்புறம் செறிவு. இந்த வரிசை மாறினால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து வரவேண்டியிருக்கும்.
5. மினுக்கக் கோட்டிலும் தாடைக்கு அடியிலும் பெரிதாக்கிப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் "சேலையை நீலமாக்கு" என்று எழுதினாலும் மாற்றித் தரும். ஃபோட்டோஷாப்பில் 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் இந்த வகை. ஆனால் அது நிறத்தை நகர்த்துவதில்லை. அந்தப் பகுதியையே புதிதாக வரைந்து வைக்கிறது. அன்ன உருவம் இருந்த சேலைக் கரையில் மாங்காய் உருவம் முளைத்துவிடலாம்.

பழைய தோட்டத்துப் படங்கள்

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் தாத்தா பாட்டி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றும் செயலிகள் இப்போது பரவலாகிவிட்டன. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: கறுப்பு வெள்ளைப் படத்தில் ஹியூ இல்லவே இல்லை. பாட்டியின் சேலை செயலியில் நீலமாக வந்தால், அது நீலமாக இருந்தது என்பதற்கு அது சான்று ஆகாது. ஏராளமான வேறு படங்களைப் பார்த்துப் பழகிய செயலி ஊகித்த நிறம் அது. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் எடுத்த படமானால் சிவப்புச் சேலையும் நெற்றிக் குங்குமமும் கறுப்பாகவே விழுந்திருக்கும், செயலியும் அதை ஏதோ ஓர் இருண்ட துணி என்று முடிவுசெய்யும். பாட்டியோடு வாழ்ந்தவர்கள் இன்னும் இருந்தால் அவர்களிடம் கேட்டு நிறம் வையுங்கள். நிறமேற்றாத மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். குடும்பத்துக்கு ஆதாரம் அதுதான்.

வாங்குபவர் எதைப் பார்க்கவேண்டும்

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுவோம்: நேர்மையான படத்திலும் நிறம் மாறும். பெரிய சிவப்புத் துணி படத்தை அடைத்துக்கொண்டால் தானியங்கி வெள்ளைச் சமநிலை குழம்பி அதைக் குளிர்ச்சியாக்கிவிடும். மஞ்சள் குண்டு விளக்கு ஒரு மாதிரி, பகல் வெளிச்சம் ஒரு மாதிரி. உங்கள் கைப்பேசியில் இரவுநேரக் கண் பாதுகாப்பு முறை இயங்கினால் நீலம் மங்கும். இப்படிப்பட்ட மாற்றங்கள் படம் முழுவதையும் ஒரே திசையில் நகர்த்தும். தோல், சுவர், தரை எல்லாம் சேர்ந்தே மாறும். சேலை மட்டும் மாறி மற்ற எல்லாம் அப்படியே இருந்தால் அது கேமராவின் வேலை இல்லை.

ஆறு நிறப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவற்றைப் பாருங்கள்:

1. ஆறிலும் மடிப்பு, நிழல், தலைமுடி இழை இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா? ஆறு சேலையைக் கட்டி எடுத்தால் அப்படி அமையவே அமையாது.
2. எல்லா நிறத்திலும் தாடைக்கு அடியில் அதே சாயல் இருக்கிறதா?
3. முந்தானை ஓரத்தில் வேறு நிறக் கசிவு தெரிகிறதா?
4. மஞ்சள் பதிப்பில் நிழல்கள் பாசி நிறத்திலோ பட்டை பட்டையாகவோ இருக்கின்றனவா?

ஆம் என்றால், பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளைச் சேலைமேல் வைத்து, சிறு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் சரக்கு வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. சேலையை மென்பொருளில் நிறம் மாற்றிக் காட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. "இது மாதிரிப் படம், நெய்து வரும் நிறம் சற்று மாறும்" என்று எழுதிவிட்டுக் காட்டினால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. எழுதாமல் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு கேமராமேல் பழி போடுவதுதான் தவறு.

சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. விவரிப்பின்படி விற்கப்படும் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தவேண்டும் என்ற உத்தரவாதத்தைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தருகிறது. விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மனுவோடு விளம்பரப் படம், விற்பவரோடு பேசிய புலன உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, கிடைத்த சேலையைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஆகியவற்றை இணையுங்கள். விளம்பரப் படத்தைத் திரைப்பிடிப்பாக மட்டும் எடுத்து வைக்காமல், வந்த கோப்பையே அழிக்காமல் சேமித்து வையுங்கள். ஓரக் கசிவும் நிழல் பட்டையும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.